வீட்டு வாகனங்களில் நெடுந்தொலைவு வைஃபை

அமெரிக்காவில் ஆர்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படுவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை ஆகியவற்றுடன் கூடிய வீட்டு வாகனம். படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். பணி ஓய்வு பெற்றவர்களில் சிலர் வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் இதிலேயே வாழ்கிறார்கள். வங்கிக் கணக்கு, மருத்துவமனைத் தகவல், பேரக்குழந்தைகளின் படம் எல்லாம் இணையம் வழியாகவே அவர்களை வந்தடைகின்றன. 2000களில் இதற்குப் பலர் நம்பியிருந்தவை தொலைவிலுள்ள வைஃபை அலையைப் பிடிக்கும் கருவிகள். இவற்றின் வரலாறு ஆன்டெனாக்களின் வரலாறாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. உண்மையில் அலையைப் பிடிப்பதைவிட, பிடிக்கும் கருவிக்கு மின்சாரம் கொடுப்பதே கடினமாக இருந்தது. கருவிகளின் வடிவம் மாறிக்கொண்டே வந்ததற்கும் அதுவே முக்கியக் காரணம்.

தொடக்கம்

வைஃபை தோன்றுவதற்கு முன்பே இந்தச் சிக்கலைச் சந்தித்தவர் ஸ்டீவன் ராபர்ட்ஸ். 1983இல் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து சாய்ந்தமர்ந்து ஓட்டும் மிதிவண்டியில் புறப்பட்டார். அமெரிக்காவின் புகழ்பெற்ற வீட்டு வாகன நிறுவனமான வின்னபேகோவின் பெயரைக் கேலியாகத் திரித்து, தன் வண்டிக்கு வின்னபைகோ என்று பெயர் வைத்தார். வண்டியில் ஒரு சிறிய கையடக்கக் கணினியும் சூரியத் தகடும் இருந்தன. வழியில் கண்ட பொதுத் தொலைபேசிகளில் கணினியை இணைத்து கம்ப்யூசர்வ் வலையமைப்பு வழியாகக் கட்டுரைகளை அனுப்பினார். ஊர் ஊராகப் போய்க்கொண்டே எழுத்து வேலை செய்ய முடியும் என்பதை அந்தப் பயணம் காட்டியது. ஆனால் தொலைபேசிக் கம்பி இருக்கும் இடத்தில்தான் அவர் நின்றாக வேண்டியிருந்தது.

கம்பியை விலக்கும் வழியைத் திறந்தது 1985இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் எடுத்த முடிவு. மைக்கேல் மார்க்கஸ் என்ற பொறியாளர் முன்னின்று வலியுறுத்தியதன் பேரில், 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட மூன்று அலைவரிசைகளை உரிமம் இன்றி எவரும் பரவல் நிறமாலை முறையில் பயன்படுத்தலாம் என்று அறிவிக்கப்பட்டது. மைக்ரோவேவ் அடுப்புகள் இயங்குவதும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான். இரைச்சல் மிகுந்தது என்று மற்றவர்கள் ஒதுக்கிய இடம் அது. ஒலிபரப்பியின் திறன் 1 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. 1997இல் 802.11 தரநிலை நொடிக்கு 2 மெகாபிட் வேகத்துடன் வந்தது. 1999இல் வந்த 802.11பி அதை 11 மெகாபிட்டாக உயர்த்தியது. வைஃபை என்ற பெயரும் அதே ஆண்டில்தான் சூட்டப்பட்டது.

தகர டப்பாவிலிருந்து கூரைக்கு

சில ஆண்டுகளில் வாகன முகாம்கள் தங்கள் அலுவலகக் கட்டடத்தில் ஒரு ரௌட்டரை வைத்து வைஃபை தரத் தொடங்கின. அலுவலகத்துக்கு அருகில் நின்ற வாகனங்களுக்கு அது எட்டியது. கடைசி வரிசையில் நின்றவர்களுக்கு எட்டவில்லை. வீட்டு வாகனத்தின் அலுமினியச் சுவர் வேறு அலையைத் தடுத்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அலுவலக வாசலில் உட்காருவதே வழக்கமாயிற்று.

இதற்கு முதல் விடை சமையலறையிலிருந்து வந்தது. 2001ஆம் ஆண்டு வாக்கில் ராப் ஃபிளிக்கெஞ்சர் என்பவர் பிரிங்கிள்ஸ் வறுவல் டப்பாவில் ஆன்டெனா செய்து காட்டினார். காபித்தூள் டப்பா போன்ற இன்னும் அகலமான தகர டப்பாக்கள் அதைவிட நன்றாக வேலை செய்வதைப் பிறகு வந்தவர்கள் கண்டார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை உருளைக்குள் தடையின்றிச் செல்ல ஏறத்தாழ 73 மில்லிமீட்டர் குறுக்களவு தேவை. வறுவல் டப்பா அந்த எல்லையை ஒட்டியே இருந்தது.

ஆன்டெனா எளிது, அதைக் கணினியோடு இணைக்கும் கம்பிதான் வில்லங்கம். மெல்லிய கோ-ஆக்சியல் கம்பியில் இந்த அலை மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபெல் குறையும். கூரையிலிருந்து மேசைக்கு 10 மீட்டர் கம்பி இழுத்தால் பத்தில் ஒன்பது பங்கு கம்பியிலேயே கரைந்துவிடும். எனவே ஆன்டெனாவைக் கணினிக்குக் கொண்டுவருவதைவிட, ரேடியோவையே ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது நல்லது. அப்படிச் செய்தால் மின்சாரமும் கூரைக்கு ஏற வேண்டும்.

யூ.எஸ்.பி. கருவிகள் முதலில் வந்தன. தைவான் நிறுவனமான ஆல்ஃபாவின் 1 வாட் கருவி இவற்றுள் பெயர்பெற்றது. யூ.எஸ்.பி. 2.0 துளை ஒன்று 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் தரும், அதாவது 2.5 வாட். கருவிக்கு அது போதாததால் இரண்டு துளைகளில் செருகும் கவட்டைக் கம்பியையே பெட்டிக்குள் சேர்த்துக் கொடுத்தார்கள். கம்பியின் நீளமும் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது.

இதைத் தீர்த்தது ஈதர்நெட் கம்பி. அதன் எட்டு இழைகளில் 100 மெகாபிட் தரவுக்கு நான்கு போதும். மீதி நான்கில் மின்சாரத்தை அனுப்பலாம். 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரநிலை இதற்கு 48 வோல்ட்டை வகுத்தது. வீட்டு வாகனத்தில் இருப்பதோ 12 வோல்ட் பேட்டரி. யுபிக்விட்டி நிறுவனத்தின் புல்லட் போன்ற மலிவான ரேடியோக்கள் தரநிலையைப் பின்பற்றாமல், 24 வோல்ட் வரை நேரடியாகக் கொடுத்தாலே இயங்கின. ஆன்டெனாவின் அடியில் நேராகத் திருகிக்கொள்ளும் கைப்பிடி அளவுக் கருவி அது. தரநிலையை மீறியதே வீட்டு வாகனக்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று. பேட்டரியிலிருந்து ஒரு ஃபியூஸ் வழியாக இணைத்தால் வேலை முடிந்தது.

12 வோல்ட் கணக்கு

இன்வெர்ட்டர் வழியாக இணைத்தவர்களும் இருந்தார்கள். 12 வோல்ட்டை 120 வோல்ட்டாக உயர்த்தி, சுவர் அடாப்டரில் செருகி, அதை மறுபடி 24 வோல்ட்டாகக் குறைப்பது. பெரிய இன்வெர்ட்டர் சும்மா ஓடுவதற்கே கேட்கும் மின்சாரம், ரேடியோ கேட்பதைவிட அதிகம். முகாமில் மின் இணைப்பு உள்ளவரை இந்த விரயம் தெரியாது. அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸ்சைட் போன்ற இடங்களில் இணைப்பின்றி வாரக்கணக்கில் நிற்பவர்களுக்கு அது முதல் இரவிலேயே தெரிந்துவிடும்.

நேரடியாக இணைத்தால் 7 வாட் கருவி 24 மணி நேரத்தில் 168 வாட்-மணி எடுக்கும். 12 வோல்ட்டில் அது 14 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் கெடுதலின்றிச் செலவழிக்கலாம் என்பதால், வேறு எதுவும் ஓடாவிட்டாலும் மூன்றரை நாள்தான். கம்பியின் இழப்பு இதற்கு மேல். 10 மீட்டர் ஈதர்நெட் கம்பியில் ஏறத்தாழ அரை வோல்ட் குறையும். பேட்டரி இறங்கியிருக்கும்போது தண்ணீர் பம்பும் ஓடினால் ரேடியோ அணைந்து எழும், அல்லது பாதியில் உறைந்து நிற்கும். அலை சரியில்லை என்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பவருக்குக் குறை பேட்டரியில் இருப்பது தோன்றாது.

அலை வலுவாகக் கிடைத்தாலும் வேகம் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. முகாம் முழுவதும் ஒரே இணைய இணைப்பைப் பகிரும்போது, எட்டு கம்பம் உயர ஆன்டெனா வைத்தாலும் பங்கு கூடாது. இன்னொரு சிக்கலும் எழுந்தது. தொலைவுக் கருவிகள் பிறர் வீட்டுப் பூட்டில்லா ரௌட்டர்களையும் காட்டின. 2005இல் ஃபுளோரிடாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், தெருவில் நிறுத்திய வாகனத்திலிருந்து பிறர் வீட்டு வைஃபையைப் பயன்படுத்தியதாக ஒருவர் கைது செய்யப்பட்டார்.

தேனியில் கிடைத்த சான்று

மின்சாரமே அடிப்படைச் சிக்கல் என்பதற்குத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் கிடைத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய டியர் ஆய்வுக்குழு, 2000களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களோடு நெடுந்தொலைவு வைஃபையால் இணைத்தது. கிராமத்து நோயாளியைத் தேனியிலுள்ள மருத்துவர் காணொளியில் பார்த்துப் பேசினார். சாதாரண வைஃபை, ஒவ்வொரு பொதிக்கும் மறுமொழி வருகிறதா என்று சில மைக்ரோ நொடிகளே காத்திருக்கும். தொலைவு கூடினால் மறுமொழி வருமுன்பே மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். குழு அந்த நெறிமுறையை மாற்றி எழுதியது. அதே மென்பொருளைக் கொண்டுதான் 2007இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியெத்ரோசெமோலியின் குழு 382 கிலோமீட்டர் இணைப்பைச் சாதித்தது.

தேனியில் கருவிகளை முடக்கியது தொலைவு அன்று. ஏறி இறங்கும் மின்னழுத்தம் அடாப்டர்களை எரித்தது. குறைந்த மின்னழுத்தத்தில் ரௌட்டர்கள் உறைந்து நின்றன. யாராவது நேரில் போய் அணைத்துப் போடும்வரை அந்த ஊர் நோயாளிக்கு மருத்துவர் இல்லை. 2008இல் வெளியிட்ட கட்டுரையில் குழு இதை விரிவாகப் பதிவுசெய்தது. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் ரௌட்டரை முழுவதுமாகத் துண்டித்து, சீரானபின் மறுபடி இணைக்கும் சுற்றுதான் அவர்கள் கண்ட தீர்வுகளில் ஒன்று. வீட்டு வாகனப் பேட்டரிகளில் பொருத்தப்படுவதும் இதே வகைச் சுற்றுதான்.

பிற்காலம்

2010க்குப் பிறகு 4ஜி பரவியதும் கூரை வைஃபை கருவிகளின் தேவை குறைந்தது. 2022இல் ஸ்டார்லிங்க் வீட்டு வாகனங்களுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் அப்போதைய வழக்கமான தட்டு 50 முதல் 75 வாட் கேட்டது. புல்லட் கேட்டதைப் போல ஏழு மடங்குக்கு மேல். இன்வெர்ட்டரைத் தவிர்க்கப் பலர் அதன் கம்பியை வெட்டி, பேட்டரியிலிருந்து 48 வோல்ட்டாக உயர்த்தி நேரடியாகக் கொடுத்தார்கள். 2024இல் வந்த சிறிய மினி தட்டை 12 வோல்ட்டிலேயே இணைக்க முடிகிறது.