எல்லோரையும் சோதிப்பதா?



கணினித் துறையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். "என்ன வேலைப்பா உனக்கு?" என்றேன். "லினக்ஸ் கெர்னல், டீச்சர்" என்றான். இரண்டு காபி முடியும்வரை அதன் வரலாற்றைச் சொன்னான். கேட்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கெர்னல் என்பது கணினியின் தலைமை அலுவலகம் மாதிரி. கோப்பில் ஒன்றை எழுத வேண்டுமானால், "என் தகவல் நினைவகத்தில் இந்த முகவரியில் இருக்கிறது" என்று புரோகிராம் சொல்லும். கெர்னல் அதைத் தன் பக்கம் நகல் எடுத்துக்கொள்ளும். சொன்ன முகவரியே தப்பாக இருந்தால்?

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கினார். ஆரம்ப காலத்தில், அந்த இடம் அந்தப் புரோகிராமுக்கு உரியதுதானா என்று ஒவ்வொரு முறையும் பட்டியலைப் பார்த்த பிறகே நகல் நடந்தது. அளந்து பார்த்தபோது இந்தச் சரிபார்ப்புக்கே கணிசமான நேரம் போவது தெரிந்தது. பிடிபட்டவையோ பிழையுள்ள ஒரு சில புரோகிராம்கள்தான்.

1996இல் லினஸ் வழியை மாற்றினார். முகவரி எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒரே ஒரு பார்வை, உடனே நகல். முகவரி தப்பென்றால் பிராசஸரே தடுக்கி நின்று கெர்னலைக் கூப்பிடும். எந்த இடத்தில் தடுக்கினால் எங்கே போய்ச் சமாளிப்பது என்று ஓர் அட்டவணை முன்பே தயாராக இருக்கும். ஒழுங்கான புரோகிராமுக்குப் பட்டியல் சோதனையே இல்லை.

கதை அதோடு முடியவில்லை. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. எல்லைப் பார்வைக்கு விடை வருமுன்னே பிராசஸர் ஊகத்தில் முன்னே ஓடிவிடும். அந்த ஓட்டத்தில் ரகசியம் கசியலாம். அதனால் "விடை வரும்வரை நில்" என்று நகல் வேலையிலும் பின்னாளில் ஒரு தடுப்பு வைத்தார்கள். மறுபடியும் நல்லவையும் சேர்ந்து காத்து நின்றன.

2024இல் 64-பிட் எக்ஸ்86 கணினிகளுக்கு அந்தத் தடுப்பையும் எடுத்துவிட்டார்கள். எல்லை மீறிய முகவரியை ஒரு சிறு கணக்கால் எதற்கும் உதவாத முகவரியாக மாற்றிவிட்டால் போதும். ஊகத்தில் ஓடினாலும் ஒன்றும் கிடைக்காது. ஒரு சோதனையில் வேகம் 2.6 சதவீதம் கூடியதாம். கதவைத் திறந்து விடவில்லை. நல்லவரைக் காக்க வைக்காத காவலைக் கண்டுபிடித்தார்கள்.

அவன் போனபின் எனக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. சுற்றுலாப் பணத்தில் ஐம்பது ரூபாய் குறைகிறது என்று ஐந்தாம் வகுப்பில் எல்லோருடைய பையையும் கொட்டச் சொன்னேன். பணம் என் வருகைப் பதிவேட்டுக்குள்ளேயே இருந்தது. ஒன்றும் பேசாமல் புத்தகங்களைத் திரும்ப அடுக்கினீர்கள். அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த வகுப்பில் இருந்த சிலர் இதைப் படிப்பீர்கள். இப்போது கேட்கிறேன், மன்னித்துவிடுங்கள் பிள்ளைகளே.

அன்புடன்,
உங்கள் டீச்சர்