பரோலும் போதைச் சோதனையும்: கர்நாடக நடைமுறையின் பின்னணி

பரோல் என்பது தண்டனைக் கைதி தண்டனைக்காலம் முடியுமுன் நிபந்தனைகளோடு சிறைக்கு வெளியே இருக்க அனுமதிக்கப்படுவதாகும். அமெரிக்காவில் அது எஞ்சிய தண்டனையை மேற்பார்வையின்கீழ் வெளியில் கழிக்கும் ஏற்பாடாக வளர்ந்தது. இந்தியாவிலோ உறவினரின் நோய், இறப்பு, திருமணம் போன்ற காரணங்களுக்காகச் சில நாள்களோ வாரங்களோ வெளியே சென்று மீளும் விடுப்பாகவே நிலைபெற்றது. போதைப்பொருள் சோதனைக்கு இரு நாடுகளிலும் கிடைத்த இடம் வேறுபட்டதற்கு இதுவே முதற்காரணம்.

கலிபோர்னியாவில் 1950களிலேயே, பரோலில் இருந்தோருக்கு நாலோர்ஃபின் என்னும் மருந்தை ஊசிவழி செலுத்திக் கண்மணியின் விரிவை அளந்து அபினிவகைப் பழக்கத்தைக் கண்டறியும் முறை கையாளப்பட்டது. 1970களில் மலிவான சிறுநீர்ச் சோதனை வந்ததும் அது மேற்பார்வையின் அன்றாடக் கருவியாயிற்று. உரிய விசாரணையின்றிப் பரோலை ரத்துசெய்யலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் மோரிசி வழக்கில் தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் இதனினும் கடுமையான வழியை மேற்கொண்டது. அங்கு மறுவாழ்வு மையத்திலிருந்து வெளிவந்தவர் குறித்த நாளில் சிறுநீர் மாதிரி கொடுக்க வராததே குற்றமாகும். மீண்டும் மீண்டும் பிடிபடுவோருக்கு 5 முதல் 7 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கும் முறை 1998இல் வந்தது.

இந்தியச் சட்டம் இவ்வழியில் செல்லவில்லை. 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 32அ பிரிவு, போதைப்பொருளை உட்கொண்ட குற்றம் நீங்கலாக மற்றவற்றில் தண்டனையை நிறுத்திவைப்பதையும் குறைப்பதையும் தடுத்தது. இத்தடை பரோலுக்கும் பொருந்தும் என்று கருதப்பட்டுவந்த நிலையில், பரோல் தண்டனையை நிறுத்திவைப்பது ஆகாது என்றும், சிறைவிதிகளுக்கு உட்பட்டு இக்கைதிகளும் அதனைப் பெறலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு தாது வழக்கில் தெளிவுபடுத்தியது. கதவு திறந்தது, ஆனால் அதனோடு சோதனை என்னும் நிபந்தனை எதுவும் இணைக்கப்படவில்லை. விடுவிப்பையும் போதைக் கண்காணிப்பையும் ஓரளவு இணைப்பது அச்சட்டத்தின் 39ஆம் பிரிவு மட்டுமே. பழக்கத்துக்கு அடிமையானவரைச் சிறைக்கு அனுப்பாமல் பிணைப்பத்திரத்தின்பேரில் சிகிச்சைக்கு விடுவித்து, சிகிச்சையின் பலன்பற்றிய அறிக்கையை ஓராண்டுக்குள் பெற அது நீதிமன்றத்துக்கு அதிகாரமளிக்கிறது. சட்டநூலில் இத்தனை காலமாக இருந்தும் நீதிமன்றங்கள் அதனை அரிதாகவே நாடுகின்றன என்பது வியப்புக்குரியது.

பெங்களூரில் சோதனை பரோலின் வழியாக அல்லாமல் சிறையின் வழியாகவே நுழைந்தது. பரப்பன அக்ரஹாரா மத்தியச் சிறையில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் 5,024 கைதிகளிடம் மேற்கொண்டு 2011இல் வெளியிட்ட மனநல ஆய்வில், நேர்காணலோடு சிறுநீர்ச் சோதனையும் இடம்பெற்றது. அதன் நோக்கம் சிகிச்சையே. 2017 ஜூலையில் அன்றைய சிறைத்துறை டிஐஜி டி. ரூபா அளித்த அறிக்கையோ, சோதிக்கப்பட்ட 25 கைதிகளுள் 18 பேரிடம் போதைப்பொருள் கண்டறியப்பட்டதாகக் கூறியது. அதே அறிக்கையில், அச்சிறையில் கைதியாக இருந்த அரசியல்வாதி வி. கே. சசிகலா பற்றிய பகுதியே தமிழ்நாட்டில் பெரிதும் பேசப்பட்டதால், இந்த 18 என்னும் எண் இங்கே ஏறத்தாழக் கவனிக்கப்படாமலே போயிற்று. அடுத்த மூன்று மாதங்களில், கணவரின் உடல்நிலையை முன்னிட்டு அதே சிறையிலிருந்து அவருக்கு 5 நாள் பரோல் வழங்கப்பட்டபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகள், எங்குத் தங்குவது, யாரைச் சந்திக்கக் கூடாது, அரசியலில் ஈடுபடலாகாது என்பன பற்றியவையாகவே இருந்தன. இந்தியப் பரோல் கண்காணிப்பது கைதி இருக்கும் இடத்தையும் அவர் திரும்பும் நாளையுமே. அவருடைய உடலை அன்று.

உடலிலிருந்து மாதிரி எடுக்கும் சட்டமும் தனிப்பாதையில் வளர்ந்தது. கைதுசெய்யப்பட்டவரின் இரத்தம், முடி முதலியவற்றை மருத்துவர் சோதிப்பதற்கு அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் 2005இல் செய்யப்பட்ட திருத்தம் வெளிப்படையாக வழிவகுத்தது. எனினும் அது சிறுநீரைப் பெயர்சொல்லிக் குறிப்பிடவில்லை. கர்நாடகத்திலிருந்தே எழுந்த செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு, ஒப்புதலின்றி உண்மையறி ஊசி போடுவதைத் தடைசெய்தபோதும், இரத்தம் போன்ற உடற்சான்றுகளை அத்தடைக்கு வெளியே வைத்தது. 2024 மே மாதம் பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டி அருகே பண்ணைவீட்டு விருந்து ஒன்றில் பிடிபட்டோருள் 86 பேரின் இரத்தத்தில் போதைப்பொருள் இருந்ததாகக் காவல்துறை அறிவித்தது, இவ்வகைச் சோதனை புலனாய்வில் எவ்வளவு வழக்கமாகிவிட்டது என்பதைக் காட்டும்.

ஆகவே பரோலில் உள்ள ஒருவர் இத்தகைய விருந்தில் பிடிபட்டால், சோதனை முடிவு அவர்மீது புதிய வழக்காகவும், அதன் விளைவாகப் பரோல் ரத்தாகவும், அடுத்த விண்ணப்பத்தின்போது காவல்துறையின் பாதகமான அறிக்கையாகவும் திரும்பிவரும். பரோல் முடிந்து சிறைவாயிலுக்கு வருவோர் அனைவரையும் சோதிக்கலாம் என்னும் யோசனை எளிதாகத் தோன்றலாம். ஆனால் முதல்நிலைச் சிறுநீர்ச் சோதனை தவறாகவும் காட்டக்கூடும் என்பதால் ஆய்வகத்தில் இரண்டாம் சோதனையால் அதனை உறுதிசெய்ய வேண்டும். அவ்வாறு உறுதியான பின்னரும், நெடுநாள் கஞ்சா பழகியவரின் சிறுநீரில் அதன் எச்சம் வாரக்கணக்கில் தங்குவதால், 15 நாள் பரோலில் சென்று மீண்டவர் அதனை வெளியில் உட்கொண்டாரா, புறப்படுமுன் சிறைக்குள்ளேயே உட்கொண்டாரா என்பதை அம்முடிவு சொல்லாது.