மலருக்குள் இருப்பது பட்டியலில் ஏறட்டும்

அரபு நூல்களில் பொருளடக்கப் பக்கத்தின் தலையில் 'ஃபிஹ்ரிஸ்த்' என்ற சொல் இருப்பதை ஓதியவர்கள் அறிவார்கள். அதே பெயரில்தான் பக்தாதில் வாழ்ந்த இப்னு நதீம், ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) ஒரு பெரும் நூற்பட்டியலைத் தொகுத்தார். அரபு மொழியில் தம் காலம்வரை வந்த நூல்களையும் ஆசிரியர்களையும் துறைவாரியாக எழுதிவைத்தார். அந்நூல்களில் பல இன்று இல்லை. அவை இருந்தன என்பதற்கு அவருடைய குறிப்பே சான்று.

நூலுக்குள் இருப்பதைச் சொல்லும் பக்கத்திற்கும், நூல்களைச் சொல்லும் பட்டியலுக்கும் அரபியில் ஒரே சொல். ஆனால் பிற்கால நூலகங்களில் இவ்விரண்டும் பிரிந்துபோயின. நூலகரின் பட்டியல் அட்டை உள்ளங்கை அளவுதான். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை எழுதினாலே இடம் தீர்ந்துவிடும். தொகுப்பு நூல்களுக்கு உள்ளடக்கத்தைக் குறிக்கும் வழக்கம் இருந்தும், வேலைப்பளுவால் பலவற்றுக்கு அது விடுபட்டது.

இக்குறையைப் போக்க முனைந்தவர்களில் ஒருவர் தமிழகத்தின் எஸ்.ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1934இல் வெளியிட்ட பட்டியல் விதிகளில், ஒரு நூலின் பகுதி வேறொரு பொருளைப் பற்றியதாக இருந்தால் அதற்கும் தனிப் பதிவு எழுத வேண்டும் என்றார். 'ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்' என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று.

1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் ஆவ்ரம் தலைமையில் 'மார்க்' என்னும் கணினிப் பட்டியல் முறை உருவானது. அதில் 505 என்ற எண்ணுள்ள இடம் பொருளடக்கத்திற்கு உரியது. கட்டுரைத் தலைப்பு, ஒரு சாய்கோடு, எழுதியவர் பெயர் என வரிசையாக அதில் பதியலாம். 1978இல் பாலின் ஆதர்ட்டன் என்ற நூலகவியல் அறிஞர், ஏறத்தாழ 2,000 நூல்களின் பொருளடக்கத்திலிருந்தும் சொல்லடைவிலிருந்தும் சொற்களை எடுத்துச் சேர்த்துத் தேடிப் பார்த்தார். வழக்கமான பட்டியலில் அகப்படாத நூல்கள் பல அகப்பட்டன. தம் அறிக்கைக்கு அவர் இட்ட தலைப்பு, 'நூல்கள் பயன்பாட்டிற்கே' என்னும் ரங்கநாதனின் முதல் விதி!

இதில் நமக்கு என்ன?

பத்து காஜா, ஆங்கிலேயர் காலத்தில் கிந்தா மாவட்ட நிர்வாகத்தின் தலைமையிடம். ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் ஆட்கள் வந்தார்கள். அவர்களை நம்பிக் கடை வைக்கவும் ஆட்கள் வந்தார்கள். எந்த வரிசையில் யாருடைய கடை இருந்தது, தோட்டத்துச் சம்பள நாளில் கடன் எப்படி வசூலானது, மீலாது விழாவில் யார் பேசினார் என்பவையெல்லாம் அரசாங்க ஏடுகளில் அபூர்வம். சங்கங்களின் ஆண்டு மலர்களில்தான் அவை கிடைக்கும்.

அப்படிப்பட்ட மலர் நூலகத்தில் 'பொன்விழா மலர்' என்று ஒரே வரியாகப் பதிவானால் என்ன ஆகும்? நாளை நம் பேரப்பிள்ளை ஒருவர் தம் பாட்டனாரின் பெயரைத் தேடுவார், ஒன்றும் வராது. மலர் அலமாரியில் இருக்கும்; ஆனால் இல்லாததற்குச் சமம்.

நம்மால் ஆகக்கூடிய காரியங்கள் உள்ளன. முதலாவது, 'நினைவலைகள்' போன்ற பொதுத் தலைப்போடு நிற்காமல், ஊர், தொழில், காலம் தெரியும்படி தலைப்பிடுதல். இரண்டாவது, முகம்மது, முஹம்மது, முகமது என்று பக்கத்துக்குப் பக்கம் மாறாமல் ஒருவர் பெயரை ஒரே விதமாக எழுதுதல். தமிழ் நூல்களை ரோமன் எழுத்தில் பதியும் நூலகங்கள் உண்டு. எழுத்து மாறினால் ஒரே ஆள் மூவராகிவிடுவார். மூன்றாவது, பொருளடக்கத்தை மலாயிலும் ஒரு பக்கம் அச்சிடுதல். தமிழ் அறியாத நூலகரும் அதைப் பார்த்துப் பதிய முடியும்.

1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, மலேசியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். நம் மலரைக் கொடுக்கும்போது, பொருளடக்கத்தையும் பதிவில் சேர்க்கும்படி ஒரு கடிதம் இணைத்துக் கொடுப்போம். இன்ஷா அல்லாஹ், நூற்றாண்டு விழா மலரை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு கடிதம் பெரும் உதவியாக இருக்கும்.