பரணில் கிடந்த தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி: வீட்டிலேயே ரிப்பேர் செய்யலாமா? சட்டம் சொல்வது என்ன?

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பரண் மேல் சாக்கில் சுற்றிய ஒரு துப்பாக்கி. தாத்தா வேட்டைக்கு எடுத்துப் போனது. குழல் முழுக்கத் துரு, அடிக்கட்டையில் கரையான். ‘யூடியூப் பார்த்து நாமளே பளபளன்னு ஆக்கிடலாம்’ என்று வீட்டுப் பையனுக்குத் தோன்றுவது இயல்புதான்.

ஆனால் இந்தியாவில் அந்த ஆசை 7 ஆண்டு சிறையில் போய் முடியலாம்.

வெளிநாட்டில் மட்டும் எப்படி செய்கிறார்கள்?

நாம் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே 1968-ம் ஆண்டு சட்டப்படி, 1898-க்குள் தயாரான துப்பாக்கிகள் பழம்பொருள் கணக்கில் போய்விடும். மத்திய அரசின் துப்பாக்கிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் அவற்றுக்குப் பொருந்தாது. அதனால் துருவைச் சுரண்டுவது, அடிக்கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் தேய்ப்பது, குழலுக்கு ‘புளூயிங்’ கொடுப்பது எல்லாம் அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. புளூயிங் என்பது பெயின்ட் இல்லை. இரும்பின் மேல் வேண்டுமென்றே ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்குவது. பழைய துப்பாக்கிகளின் அந்தக் கருநீல மினுமினுப்பு அதனால் வருவதுதான்.

இங்கே கதையே வேறு.

‘ரிப்பேர்’ என்ற ஒரு வார்த்தை

நம் ஊரில் துப்பாக்கிகளுக்கு ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016 ஆகிய இரண்டும் பொருந்தும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது 3-வது பிரிவின்படி குற்றம். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு.

பலருக்குத் தெரியாத விஷயம் 5-வது பிரிவில் இருக்கிறது. துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பதோடு சேர்த்து, பழுது பார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது அது. கடை வைத்துச் செய்கிறாரா, வீட்டுத் திண்ணையில் பொழுதுபோக்காகச் செய்கிறாரா என்றெல்லாம் அந்தப் பிரிவு பிரித்துப் பார்க்கவில்லை. மீறினால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை, கூடவே அபராதம். சும்மா வைத்திருப்பதை விட சரிசெய்வதற்குத்தான் தண்டனை அதிகம்.

‘இது 100 வருஷப் பழசு, சுடவே சுடாதுங்க’ என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். பாதி சரி. சட்டத்தின் 45-வது பிரிவு, வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அது துப்பாக்கியாகப் பயன்படவே கூடாது. அதாவது ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் விலக்கு இல்லை. நீங்களே சரிசெய்து காட்டினால், ‘இது பயன்படக்கூடிய துப்பாக்கிதான்’ என்று உங்கள் கையாலேயே நிரூபித்த மாதிரி ஆகிவிடும்.

பயன்படுமா, படாதா என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்ய முடியாது. வழக்கு என்று வந்தால் தடய அறிவியல் ஆய்வகத்தில் சோதித்துச் சொல்வார்கள். வயசு மட்டும் ஒரு துப்பாக்கியைக் காப்பாற்றாது.

கர்நாடகாவின் குடகில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிறதே என்று கேட்கலாம். அது தனிக்கதை. குடகு இனத்தவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே லைசென்ஸ் விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. ‘கயில்போது’ பண்டிகையில் அங்கே துப்பாக்கிகளை வைத்துப் பூஜையே நடக்கும். அந்த விலக்கு நமக்குக் கிடையாது.

கையில் கிடைத்தால் என்ன செய்வது?

முதலில், விசையைத் தொடாதீங்க. வாய்ப்பக்கமாக மருந்து கெட்டிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கிகளில், என்றோ கெட்டித்த கருமருந்தும் ரவையும் உள்ளேயே இருக்கலாம். கருமருந்து ஈரம்படாமல் இருந்தால் பல வருஷம் கழித்தும் வெடிக்கும். குழலுக்குள் எட்டிப் பார்ப்பது, கம்பியை விட்டுக் குத்துவது, துருவை இளக்க நெருப்பில் காட்டுவது எல்லாம் உயிரோடு விளையாடுவது.

சாக்கில் கட்டி பைக்கில் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போவதும் வேண்டாம். எடுத்துச் செல்லவும் லைசென்ஸ் வேண்டும், வழியில் சோதனையில் மாட்டினால் விளக்கம் சொல்லி முடியாது. ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னால் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள். கண்டெடுத்த அன்றே சொல்வதும், ஆறு மாதம் வைத்திருந்துவிட்டுச் சொல்வதும் ஒன்றல்ல. மலைக் கிராமங்களில் ‘தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை’ என்று போலீசார் அவ்வப்போது அறிவிப்பதும் உண்டு.

அடுத்து, தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் தேடுங்கள். லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால், அதில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று போலீசாரை வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. கடலூர் மாவட்டத்துக்காரர்கள் ஆட்சியர் அலுவலகத்தை அணுக வேண்டும். அது கிடைக்கும் வரை 21-வது பிரிவின்படி துப்பாக்கியை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து வைக்கலாம். ஒருவர் பெயரில் பொதுவாக 2 துப்பாக்கிகள்தான். முன்பு 3 இருந்ததை 2019-ல் குறைத்துவிட்டார்கள்.

லைசென்ஸ் கிடைத்துவிட்டால்?

மேலே துடைப்பது, எண்ணெய் போடுவது, அடிக்கட்டைக்குப் பாலிஷ் போடுவது வழக்கமான பராமரிப்பு. குழல், விசை, சுத்தியல் இவற்றில் கை வைக்க வேண்டும் என்றால் பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும். குழலை அறுத்துக் குட்டையாக்குவது 6-வது பிரிவின்படி தனிக் குற்றம்.

தாத்தா மாதிரி வேட்டைக்கும் போக முடியாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை நிறுத்திவிட்டது. அதே பரணில் மான் கொம்பும் இருந்தால், உரிமைச் சான்று இல்லாத பட்சத்தில் வனத்துறை வழக்கு தனியாக வரும்.

இன்னொன்று. லைசென்ஸ் துப்பாக்கியாகவே இருந்தாலும், தேர்தல் அறிவிப்பு வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வாங்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.