நான்கு நாள் மேடையா, நம் தெருவில் ஒரு கூடமா?

2011இல் வடசென்னையில் இரண்டு விஷயங்கள் நடந்தன. புழல் பேரூராட்சி கலைக்கப்பட்டு சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் நகராட்சிகளுக்கும் அதே கதிதான். அதே ஆண்டு ஆட்சி மாறியது, அதன்பின் 'சென்னை சங்கமம்' நின்றுபோனது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் கலைஞர்களின் நிலை புரியும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

2007இல் தொடங்கியது சங்கமம். கனிமொழியின் முயற்சியில் தமிழ் மையமும் தமிழக அரசும் கைகோத்தன. சபா அரங்குகளுக்குள் நுழைய முடியாத பறையும் தெருக்கூத்தும் கரகமும் சென்னையின் பூங்காக்களிலும் மைதானங்களிலும் ஒலித்தன. சாவுக்கு அடிக்க வேண்டும் என்று சாதி நம்மீது சுமத்திய கருவி பறை. அந்தக் கட்டாய வேலையைப் பல ஊர்களில் நம் மக்கள் மறுத்துப் போராடியிருக்கிறார்கள். அதே பறை நகரத்தின் நடுவே கலையாக நின்றது சாதாரண விஷயமல்ல. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்ததும் அதே 2007இல்தான்.

ஆனால், பொங்கல் முடிந்ததும் மேடையைப் பிரித்துவிட்டார்கள். கலைஞர்கள் ஊருக்கு பஸ் ஏறினார்கள். அந்தந்தப் பகுதியில் ஒரு பயிற்சிக் கூடமோ, ஆண்டு முழுக்க வேலையோ மிஞ்சவில்லை. அரசின் விருப்பத்தை நம்பி நின்ற விழா, அரசு மாறியதும் விழுந்தது. 2023 ஜனவரியில் அது திரும்பி வருவதற்குள் 11 பொங்கல்கள் கடந்துவிட்டன.

கலை அரசு தரும் சலுகை அல்ல. 1992இன் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்த 12ஆவது அட்டவணையைப் படியுங்கள். நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பணிகள் அதில் உள்ளன. 12ஆவது பூங்காவும் விளையாட்டு மைதானமும். 13ஆவது பண்பாடு, கல்வி, அழகியல் வளர்ச்சி. மேடைக்கான இடமும் கலைக்கான பொறுப்பும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. ஒப்படைப்பது மாநில அரசின் கையில் இருக்கிறது என்பதால், அதைக் கேட்டு வாங்குவது நம் வேலையாகிறது.

புழலில் யாரிடம் கேட்பது? 2011இல் 42 உள்ளாட்சிகளை இணைத்ததில் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக வளர்ந்தது. பேரூராட்சித் தலைவரைத் தெருவில் நிறுத்திக் கேட்ட காலம் போய், முடிவுகள் ரிப்பன் மாளிகைக்குப் போயின. 2016 அக்டோபர் முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. யுனெஸ்கோவின் படைப்பாற்றல் நகரங்கள் பட்டியலில் இசைக்காகச் சென்னை சேர்ந்தது 2017இல், அந்த இடைவெளியில்தான். 'எந்த இசை, யாருடைய இசை?' என்று எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

கேள்வியை வெளியிலிருந்துதான் கேட்க வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியது. அதன் பின்னால் இருந்தது பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம். அரசு உதவியில்லாமலும் நம்மால் கலைஞர்களை இணைக்க முடியும் என்று அது காட்டியது. ஆனால் நம் வரியில் கட்டிய கூடங்களை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

2022இல் வடசென்னையைச் சேர்ந்த பிரியா, சென்னையின் முதல் தலித் பெண் மேயரானார். அதே ஆண்டு வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் வந்தன. தோழர்களே, அந்தக் கூட்டங்களுக்குப் போங்கள். வாரத்தில் இரண்டு மாலை சமுதாயக் கூடத்தைப் பயிற்சிக்குக் கேளுங்கள். மாநகராட்சிப் பள்ளியில் பறையும் கானாவும் கற்றுத்தரும் நம் கலைஞருக்கு மாதச் சம்பளம் கேளுங்கள். இரண்டையும் மாநகராட்சி பட்ஜெட்டில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். புழலில் கிடைத்ததை எண்ணூரும் ராயபுரமும் கேட்கும். அப்படிக் கோத்துக்கொண்டு போவதைத்தான் நாங்கள் கலை வலைப்பின்னல் என்கிறோம். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய உரிமையை, ஆட்சி மாறினாலும் ஒரே நாளில் பிரித்து எடுத்துப் போக முடியாது.