வீட்டுச் சிகிச்சையின் பிறப்பு: சென்னைக் காசநோய் ஆய்வும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவையும்

காசநோய்க்கு மருந்தே இல்லாதிருந்த காலத்தில் சானடோரியம்தான் சிகிச்சை. நல்ல காற்று, முழு ஓய்வு, ஊட்டமான உணவு, குடும்பத்தை விட்டுப் பிரிந்திருத்தல் ஆகிய நான்கும் கூடினால் உடல் தானே நோயை அடக்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வேரூன்றி, அங்கிருந்து இங்கும் வந்தது. மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரமும், டாக்டர் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியமும் அந்த நம்பிக்கையில் எழுந்தவை. தாம்பரத்தை அடுத்த புறநகர் ரயில் நிலையம் இன்றும் சானடோரியம் என்றே அழைக்கப்படுகிறது. இந்த முறையை உலகம் கைவிட்டதற்கு முதன்மையான சான்றைத் தந்தது, 1956இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு. மருத்துவ வரலாற்று நூல்கள் அதன் முடிவை ‘காசநோயாளிக்கு வீடே போதும்’ என்று சுருக்கிச் சொல்கின்றன. அந்தச் சுருக்கம் தவறான பாடத்தைத் தந்துவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். சென்னை ஆய்வில் சானடோரியத்தின் இடத்தை நிரப்பியது வீடு மட்டுமல்ல. வீட்டைத் தேடிப் போன செவிலியர்களும், விடாத கண்காணிப்பும், தடையில்லாத மருந்தும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. பின்வந்த திட்டங்கள் வீட்டை எடுத்துக்கொண்டு ஏற்பாட்டை விட்டுவிட்டன.

அந்த ஆய்வின் முறை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. போருக்குப் பின் டாலர் தட்டுப்பாட்டில் இருந்த பிரிட்டனுக்கு அந்த மருந்து சிறிதளவே கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லை என்ற நிலையில், சிலருக்குக் கொடுத்துச் சிலருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பதில் அநீதி இல்லை என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு வாதிட்டது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த திட்டப்படி, யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதைச் சீரற்ற எண்களே தீர்மானித்தன. முடிவு ஒட்டிய உறைகளுக்குள் இருந்ததால் மருத்துவரின் விருப்பு வெறுப்புக்கு இடமிருக்கவில்லை. 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்து, 52 பேருக்கு ஓய்வு. ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் ஓய்வில் இருந்தவர்களில் 14 பேரும் இறந்தனர். 1948இல் வெளியான இந்த அறிக்கை இன்றைய மருத்துவ ஆய்வுகளுக்கெல்லாம் முன்மாதிரி. அதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. தனியாகக் கொடுத்தபோது கிருமிகள் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு விரைவில் பழகி, மருந்து பலனற்றுப் போனது. பாஸ் என்ற இரண்டாம் மருந்தைச் சேர்த்தால் அந்த எதிர்ப்புத்திறன் உருவாவது வெகுவாகக் குறையும் என்பதை அடுத்த ஆய்வு காட்டியது. 1952இல் ஐஸோநியாஸிட் வந்தது. விலை குறைவு, வாய்வழியே உட்கொள்ளலாம், வீரியமும் அதிகம். ஐஸோநியாஸிடையும் பாஸையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்றானபின், ஊசிக்காக ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது.

அப்போது இந்தியாவின் கவலை வேறு வகையானது. 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பில், ஆயிரம் பேரில் 13 முதல் 25 பேருக்கு எக்ஸ்ரேயில் காசநோய்க்கான அறிகுறி தென்பட்டது. நாடு முழுவதும் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். சானடோரியப் படுக்கைகளோ சில பத்தாயிரங்கள் மட்டுமே. எத்தனை ஐந்தாண்டுத் திட்டங்கள் போட்டாலும் இந்த இடைவெளியைக் கட்டடங்களால் நிரப்ப முடியாது என்பது தெளிவாக இருந்தது. வீட்டிலேயே சிகிச்சை அளிப்பது அறிவியல் ஆர்வத்தால் மட்டும் எழுந்த கேள்வி அன்று. வேறு வழியில்லாத நாடு கேட்ட கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் தலைமைப் பொறுப்பேற்றார். ஐந்தாண்டுக்கென்று தொடங்கியது, பெயர் மாறி, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அங்கேயே இயங்குகிறது.

ஆய்வில் 193 பேர் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் நகரின் ஏழைகள். நெருக்கமான ஒற்றை அறைக் குடியிருப்புகளில் பலரோடு சேர்ந்து வசித்தவர்கள். சீரற்ற ஒதுக்கீட்டின்படி ஒரு பாதியினர் சானடோரியம் சென்றனர், மறுபாதியினர் வீட்டிலேயே இருந்தனர். இரு குழுக்களுக்கும் ஓராண்டுக்கு ஐஸோநியாஸிட், பாஸ் என்ற ஒரே மருந்துகள்தாம். வீட்டுக் குழுவினர் வாரந்தோறும் மையத்துக்கு வந்து அடுத்த வாரத்துக்கான மருந்தை வாங்கிக்கொண்டு போக வேண்டும். இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. மையத்துச் செவிலியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் செல்வார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணுவார்கள், சிறுநீர் மாதிரி எடுப்பார்கள். ஃபெரிக் குளோரைடு சேர்த்ததும் சிறுநீர் செந்நீல நிறமானால் பாஸ் உள்ளே போயிருக்கிறது. நிறம் மாறாவிட்டால் போகவில்லை. பாஸ் விழுங்குவதற்குக் கடினமான மருந்து. நாளொன்றுக்குப் பல கிராம் உட்கொள்ள வேண்டும், வயிற்றைப் புரட்டும். எந்தச் சோதனையும் இல்லாமல் ஒருவர் அதை ஓராண்டு ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பார் என்று நம்புவதற்கு இடமில்லை. யாராவது வாரம் தவறி வராவிட்டால் மையத்திலிருந்து ஆள் தேடிப் போவார். சளியைத் திரும்பத் திரும்ப வளர்சோதனை செய்து கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒரே மருந்து, ஒரே அளவுகோல். வேறுபட்டது தங்கும் இடமும் அதைச் சார்ந்த வாழ்க்கை நிலையும்தான்.

1959இல் முதல் முடிவு வெளியானது. ஓராண்டின் இறுதியில் வீட்டுக் குழுவில் 86 விழுக்காட்டினருக்கும் சானடோரியக் குழுவில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தினருக்குச் சத்தான உணவும் முழு ஓய்வும் காற்றோட்டமும் கிடைத்தன. எடையும் அவர்களுக்கு நன்றாகவே கூடியது. வீட்டிலிருந்தோர் குறைவாகச் சாப்பிட்டார்கள், உடலை வருத்தி நடமாடினார்கள், நெரிசலில் உறங்கினார்கள். இருந்தும் நோய் அடங்கியதில் பெரிய வேறுபாடு இல்லை. பிரித்து வைக்காவிட்டால் குடும்பத்துக்கே பரவும் என்பதுதான் எல்லோருடைய அச்சமும். குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்தபோது, வீட்டுக் குழுவின் உறவினர்களுக்குக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே பரவவேண்டிய அளவு பரவியிருக்கும். மருந்து தொடங்கியதும் நோயாளியின் சளியிலுள்ள கிருமிகள் விரைவில் குறைந்துவிடும் என்பதே இதற்கு ஏற்ற விளக்கம். ஐந்தாண்டு முடிவில் இரு குழுக்களிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் நலமாக இருந்தனர். 1966இல் அந்த அறிக்கை வெளியானபோது, சானடோரியத்துக்குச் சாதகமாகச் சொல்வதற்கு அதிகம் மிச்சமிருக்கவில்லை.

இந்த முடிவுகளை ஐயுறுவோர் முன்வைக்கக்கூடிய முதல் மறுப்பு எண்ணிக்கையைப் பற்றியது. இருநூறுக்கும் குறைவானோரை வைத்து உலகக் கொள்கையையே மாற்றலாமா? ஓராண்டு வித்தியாசம் 6 விழுக்காடு. சிறிய குழுவில் அதைத் தற்செயல் என்று தள்ளுவது எளிது, உண்மையான குறை என்று வாதிடவும் முடியும். நியாயமான ஐயம்தான். ஆனால் ஒதுக்கீடு சீரற்றது. அளவுகோல் சளியின் வளர்சோதனை. ஐந்தாம் ஆண்டில் இருபக்கமும் சமமாகிவிட்டது. இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. அன்றைய இந்தியாவில் உண்மையான தெரிவு சானடோரியத்துக்கும் வீட்டுக்கும் இடையே இருக்கவில்லை. வீட்டுச் சிகிச்சைக்கும் எந்தச் சிகிச்சையும் இல்லாமைக்கும் இடையே இருந்தது. சானடோரியத்தைவிட இம்மியளவு குறைந்தாலும்கூட, வீட்டுச் சிகிச்சை கிடைக்கப்போகும் லட்சக்கணக்கானோருக்கு அது வாழ்வும் சாவும் தொடர்பான விஷயம்.

இரண்டாம் மறுப்பு கடுமையானது. பணக்கார நாட்டவர் ஏழைகளை வைத்துப் பரிசோதித்தார்கள் அல்லவா? ஹெல்சிங்கி அறிவிப்பு 1964இல்தான் வந்தது; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைக் கொள்கை 1980இல்தான் வெளியானது. நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை இன்றுபோல் கறாராகக் கேட்ட காலம் அல்ல அது. பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்கும் தாம் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்றே சொல்லப்படவில்லை. வீடா சானடோரியமா என்ற ஆய்வைப் பொறுத்தவரை, இருபக்கமும் அன்றைய சிறந்த மருந்தையே பெற்றன என்பதால் எனக்கு நெருடல் குறைவு. சென்னையில் அடுத்து நடந்த ஆய்வில்தான் நெருடுகிறது. பாஸின் விலையும் குமட்டலும் பெரிய தடை என்பதால், ஐஸோநியாஸிடை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று வெவ்வேறு அளவுகளில் சோதித்தார்கள். இரட்டை மருந்தைவிட அது தெளிவாகப் பின்தங்கியது; எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமிகளும் சிலரிடம் உருவாயின. தனி மருந்தின் ஆபத்து ஸ்ட்ரெப்டோமைசின் காலத்திலிருந்தே தெரிந்திருந்தது என்பதை வைத்துப் பார்த்தால், அந்தக் கேள்வியைக் கேட்ட துணிவுக்கு விலை கொடுத்தவர்கள் சென்னையின் ஏழைகள்தாம். ஏழை நாடுகள் மலிவான தனி மருந்தைக் கொள்கையாக ஏற்றுக்கொண்டுவிடாமல் அந்த முடிவு தடுத்தது என்பதும் உண்மை. ஆனால் பயன் இருந்தது என்பதால் கேள்வி தீர்ந்துவிடாது.

மையத்தின் அடுத்த பெரிய பங்களிப்பு 1964இல் வெளியான ஆய்வு. வாரம் இருமுறை செவிலியர் கண்முன்னே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் உயர் அளவு ஐஸோநியாஸிடும் கொடுத்துப் பார்த்தார்கள். நாள்தோறும் வீட்டில் தாமாகவே மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள் பின்தங்கவில்லை. சற்று முந்தியே நின்றார்கள். கண்காணிப்பின் மதிப்பைச் சென்னைக் குழுவினர் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பிற்காலத்தில் டாட்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறையின் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கிறது.

1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையைக் கொள்கையாக ஏற்றது. அதற்கான அடித்தளத்தைப் பெங்களூரில் 1959இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனம் அமைத்தது. டி. பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963இல் ஒரு சமூகவியல் ஆய்வில் காட்டிய உண்மை அத்திட்டத்துக்கு வலுச் சேர்த்தது. கிராமத்துக் காசநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இருமலுக்காக ஏற்கெனவே ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருந்தார்கள். பலருக்கு இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆக, நோயாளி வரத் தயாராகவே இருந்தார். அமைப்புதான் தயாராக இல்லை. மாவட்ட மையத்தில் மாதந்தோறும் மருந்து வழங்குவதாக ஆனபோது, வாரந்தோறும் வந்து போன நோயாளியும், தேடிவந்த செவிலியரும், எண்ணப்பட்ட மாத்திரையும் காணாமல் போயின. 1992இல் நடந்த மறுஆய்வு, சிகிச்சையைத் தொடங்கியவர்களில் பாதிக்கும் குறைவானோரே முடிக்கிறார்கள் என்று கண்டது. சென்னையில் பத்தில் ஒன்பது, நாட்டில் பாதிக்கும் குறைவு. மருந்து மோசமாகிவிடவில்லை, வீடும் மாறவில்லை. கண்காணிப்பு ஏற்பாடுதான் மாறியிருந்தது. அதற்குப் பணமும் ஆளும் வேண்டும் என்பதால் அது முதலில் வெட்டப்பட்டது. நோயாளிகளின் கவனக்குறைவே காரணம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பழியை நோயாளிமீது போடுவதற்கு ஆதாரமில்லை.

உணவு பற்றிய முடிவுக்கும் இதே கதிதான். சென்னை ஆய்வு காட்டியது, நல்ல மருந்து கிடைத்தவரைச் சத்துக்குறைவு தோற்கடித்துவிடவில்லை என்பதை. ‘காசநோய்க்குச் சாப்பாடு தேவையில்லை’ என்று அது சொல்லவே இல்லை. உணவை மட்டும் மாற்றிப் பார்க்கும்படி அந்த ஆய்வு வடிவமைக்கப்படவும் இல்லை. ஆனால் அரை நூற்றாண்டு காலம் நோயாளியின் உணவு திட்டங்களின் கவனத்திலிருந்து நழுவிப்போனது. 2018இல்தான் மத்திய அரசு நோயாளிக்கு மாதம் ரூ.500 ஊட்டச்சத்து உதவி வழங்கத் தொடங்கி, 2024இல் அதை இரட்டிப்பாக்கியது. 2023இல் வெளியான ராஷன்ஸ் ஆய்வு, ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேரை ஒப்பிட்டது. அரிசி, பருப்பு, ஊட்டச்சத்து மாத்திரை பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. பரவும் தன்மையுள்ள நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரு மாதங்களில் எடை கூடியோர் மரணத்திலிருந்து பெரிதும் தப்பினர். 1950களின் முடிவை இது பொய்யாக்கவில்லை. அன்று கேட்ட கேள்வி, சானடோரியம் வேண்டுமா என்பது. இன்று கேட்ட கேள்வி, வீட்டில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்பது. முதல் விடையை இரண்டாம் கேள்விக்கும் நீட்டியதுதான் பிழை.

சானடோரியங்களை மூடியது சரியே என்று கருதுகிறேன். ஆனால் ‘எல்லோருக்கும் வீடு’ என்பதும் அந்த ஆய்வின் விடை அல்ல. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டறிந்த நாளிலேயே மூன்று செய்திகளைப் பார்க்கச் சொல்கிறது. எடை ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கிறதா, மூச்சு திணறுகிறதா, துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? மூன்றில் ஒன்று பிசகினாலும் அவரை மேல்பரிசோதனைக்கு அனுப்பி, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். எடை இயந்திரமும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் போன்ற எளிய கருவிகள் போதும். விலை மிகக் குறைவு. சென்னை ஆய்வில் இருபக்கத்திலும் ஒரே மருந்தும், வீட்டில் விடாத கண்காணிப்பும் இருந்ததால் வீடு ஈடுகொடுத்தது. உடல் எழுந்து நிற்கக்கூட இடம்தராத ஒருவருக்கு மருந்தோடு வேறு எதெல்லாம் வேண்டும் என்பதை இன்னும் சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளில் முழுமையாக அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.