இல்லறப் பிணக்கில் இடைநின்றோர்

கணவன் மனைவியரிடையே எழும் பிணக்கில் பிறர் தலையிடல் தகாது என்பாரே இன்று மிகுதி. பழந்தமிழர் அவ்வாறு கருதினாரல்லர். தோழி, தாய், பாணன், விறலி, விருந்தினர், அறிவர் முதலாகப் பன்னிருவரைத் தொல்காப்பியர் கற்பியலில் எண்ணி, வாயில்கள் எனப் பெயரிட்டார். ஊடிய தலைவியின் மனைக்குள் தலைவன் புகுவதற்கு வழியாவோர் என்பது அப்பெயரின் பொருள். இருவர் மகிழ்ச்சியையும் கருதியே வாயில்கள் பேசுதல் வேண்டும் என்பதும் அவர் விதித்ததே.

இஃது அகத்திணை மரபு. பெயர் சுட்டப்படாத தலைமக்களைப் பற்றியது. பெயரும் நாடும் அறியப்பட்ட இணையர் ஒருவரின் பிணக்கில் பிறர் புகுந்த வரலாறு உண்டோ எனின், புறநானூற்றில் உண்டு. 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களும் அதனைக் கூறுவன.

மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகனைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். அவன் மனைவி கண்ணகியை அறிந்தோர் அத்துணையர் அல்லர். (இவள் சிலம்பின் கண்ணகி அல்லள்.) பேகன் அவளைத் துறந்து வேறொருத்தியை நாடினான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வர் அவள் பொருட்டு அவனிடம் சென்றனர்.

கபிலர் சொல்லிய முறை நுட்பமானது. சுற்றம் பசித்திருக்க நின் வாயிலில் நின்று நின் மலையைப் பாடினேம். அதுகேட்டு அழுகை அடக்கமாட்டாது நின்றாள் ஒருத்தி. அவள் யாரோ என வினவுகிறார். அவள் யார் என்பதை அவர் அறியாதவரா? பழிகூறாமல் பழியை உணர்த்தும் வழி அது. பரணர் கண்ணகியின் மறுமொழியையே கொண்டுவந்து வைக்கிறார். நீ பேகனுக்கு உறவோ எனக் கேட்டபோது, கண்ணீரை விரலால் துடைத்துக்கொண்டு, தான் உறவினள் அல்லள் என்றாளாம். தன்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி அவன் நாள்தோறும் தேரில் செல்வதாக ஊரார் கூறுவர் என்றாளாம். மற்றொரு பாடலில் பரணர், தாம் பசியால் வந்தவர் அல்லர், சுமக்கும் சுற்றமும் தமக்கில்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்கிறார். அரிசில்கிழார் அணிகலனும் செல்வமும் வேண்டா என மறுக்கிறார். எண்ணெய் துறந்த அவள் கூந்தல் மீண்டும் மலர்சூட வேண்டும் என்று பெருங்குன்றூர்கிழார் இரக்கிறார்.

பரிசில் பெற்று வாழ்வோர் பரிசிலை மறுத்துப் பேசினர். அவர் சொல்லுக்கு வலிமை அங்கிருந்தே வந்தது. இடைநின்று பேசுவோனுக்கு அதனால் வரும் ஆதாயம் யாது என்னும் வினா, பிற்காலத்து இணக்கங்களையும் அளக்கும் கோலாகும்.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் இவ்வினா கூர்மையாக எழுந்தது. ரெம்பாவ் தோட்ட லயங்களில் குடியேறிய தமிழ்ப் பெண்ணுக்குப் பெரும்பாலும் பிறந்த வீடு கடலுக்கப்பால் இருந்தது. குடியிருந்த வீடோ தோட்டத்தின் உடைமை. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மலாயா இந்தியருள் ஆயிரம் ஆடவர்க்கு ஐந்நூறு பெண்டிரும் இல்லை. பிணக்கு முற்றினால் வழக்கு கங்காணியிடம் செல்லும், அல்லது கோயில் முன்றிலில் பஞ்சாயத்துக் கூடும். கங்காணிக்கோ வேலைக்கு வந்த ஆட்கணக்கின்படி தலைக்காசு உண்டு. ஒரு குடும்பம் பிரிந்து ஆள் வெளியேறினால் அக்காசு குறையும். எல்லாக் கங்காணிகளும் காசையே நோக்கினர் என்பது நேர்மையன்று. ஆயினும் பேகனிடம் நால்வர் பெற்றிருந்த உரிமை அவர்க்கு இல்லை.

அதே ரெம்பாவில், தோட்ட எல்லைக்கு அப்பால், அடாட் பெர்பாத்தே வழக்குடைய மலாய்க்காரர் வேறு முறை வைத்திருந்தனர். தாய்வழியில் நிலமும் வீடும் பெண்ணுக்குரியன. கணவன் அவள் இல்லத்துக்கு வந்து சேர்ந்தவன். பிணக்கு முதலில் குடித்தலைவரான புவாப்பாவிடமும், பின்னர் லெம்பாகாவிடமும் செல்லும். புவாப்பாவும் நலன் கருதாதவர் அல்லர். அவர் கருதியது தம் குடியின் நலன்.

மேலைநாட்டினர் இதனைத் தனித்தொழிலாக்கியது அண்மைக்காலத்தே. 1930இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பால் பொப்பனோ குடும்ப உறவு நிலையம் ஒன்றை நிறுவினார். அவரும் தன்னலம் இல்லாதவராயினும் நோக்கம் இல்லாதவர் அல்லர்: மனித இன மேம்பாடு என்னும் கொள்கையினராகிய அவர், தகுதியுடையோர் எனத் தாம் கருதியவர்களின் மணங்கள் முறியாமல் காக்க விழைந்தார்.

மலேசியாவில் 1976இல் இயற்றப்பெற்று 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருமண மணவிலக்குச் சட்டம், முஸ்லிம் அல்லாதோருள் ஒருதலையாக மணவிலக்குக் கோருவோர், சில விலக்குகள் நீங்கலாக, முதலில் இணக்கக் குழுவை அணுகவேண்டும் என விதித்தது. குழுவின் இசைவின்றி வழக்கறிஞர் அங்குப் பேசலாகாது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் ஆலோசகர்க்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஆலோசகர் ஊதியம் பெறுவோரே. ஆனால் அவ்வூதியம் இணையர் கூடினாலும் பிரிந்தாலும் மாறுவதன்று. அவர் தீர்ப்புக் கூறுவதில்லை. இருவரையும் ஒருங்கே அமர்த்தி, ஒருவர் பேச மற்றவரைக் கேட்கச் செய்கிறார்.

புலவர் நால்வரும் செய்யாதது இதுவொன்றே. கண்ணகியின் சொல்லைப் பேகனிடம் கொண்டு சென்றனர். இருவரையும் ஓரிடத்தில் அமர்த்தினாரல்லர். பேகன் மனை மீண்டானா என்பது அப்பாடல்களால் தெரியவில்லை. ஐந்து பாடல்களிலும் அவன் வாய்ச்சொல் ஒன்றேனும் இல்லை.